கேள்வியும் வாக்குறுதியும்: ஜெர்மானியப் படப்பாட்டாசிரியர் புரூனோ பால்ஸ்

ஒரு பாட்டு ஊரெங்கும் பரவும்போது அதைப் பாடியவர் பெயரும் உடன் பரவுகின்றது. மெட்டமைத்தவர் பெயரைச் சிலர் அறிவர். சொல்லைக் கட்டித் தந்தவர் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர். படப்பாட்டைப் பொறுத்தமட்டில் இவ்வழக்கு எல்லா நாட்டிற்கும் பொதுவாகும். ஆயின் எழுதியவர் பெயர் மறைவதற்கு மக்களின் மறதி ஒன்றே காரணமென்று சொல்லிவிட முடியாது. சில காலங்களிற் சில அரசாங்கங்கள் அப்பெயரை வேண்டுமென்றே மறைத்ததும் உண்டு. பாட்டு மட்டும் வேண்டும், பாட்டெழுதியவன் வேண்டாம் என்று ஓர் அரசாங்கம் முடிவு செய்த கதை ஒன்றை இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

அக்கதைக்குரியவர் புரூனோ பால்ஸ். 1902-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி பெர்லின் நகரிற் பிறந்தவர். 1988-ம் ஆண்டு மார்ச்சு 14-ந் தேதி பவேரியாவிலுள்ள பாட் வீஸ்ஸே என்னும் ஊரிற் காலமானவர். ஆயிரத்திற்கு மேற்பட்ட பாட்டுக்களை அவர் எழுதினார் என்று கணக்கிடுவர். அவற்றுட் சில இன்றும் ஜெர்மானியர் வாயில் வழங்குகின்றன.

ஜெர்மானியர் ஒருவர் எழுதிய பாட்டின் நன்மை தீமையை இந்நாட்டுத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர் ஆராய்வானேன் என்று கேட்கும் அன்பரும் இருக்கலாம். அவர்க்கு நம் விடை இது. கூலிக்கு எழுதும் எழுத்துக்கு எழுதியவன் எவ்வளவு பொறுப்பாளி என்னும் கேள்வி ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று. பட முதலாளிக்குப் பாட்டெழுதுவோன், பத்திரிகை முதலாளிக்குத் தலையங்கம் எழுதுவோன், துரை சொல்லச் சொல்லக் கடிதம் எழுதும் தோட்டத்துக் கிராணி ஆகிய எல்லோரையும் அக்கேள்வி தொடுகின்றது. நாமும் அவ்வகுப்பைச் சேர்ந்தோரே. கூலிக் குறைப்பு அறிவிப்பின் அடியில் உள்ள கையொப்பம் துரையுடையது. அதைப் பிழையின்றி, படிப்போர் மறுத்துப் பேச இடமின்றி எழுதிய கை வேறொருவனுடையது. அக்கைக்கும் அவ்வறிவிப்புக்கும் உள்ள உறவு யாது? பால்ஸின் தொழில் வாழ்க்கை இக்கேள்வியை மிகக் கூர்மையாக நம்முன் வைக்கின்றது.

பேசும் படமும் பாட்டுத் தொழிலும்

1929-ம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் மொழிப் பேசும் படங்கள் திரைக்கு வரத் தொடங்கின. அவற்றுள் முற்பட்ட படங்களில் ஒன்றுக்கே பால்ஸ் பாட்டெழுதினார். அப்பொழுது அவர்க்கு வயது 27. பேசும் படத்தோடு ஒரு புது வாணிபமும் பிறந்தது. படத்திற்கு ஒரு பாட்டு, பாட்டிற்கு ஓர் இசைத்தட்டு. தட்டைக் கேட்டவர் படம் பார்க்க வருவர். படம் பார்த்தவர் தட்டு வாங்கச் செல்வர். ஆதலின் பாட்டாசிரியனுக்கு இடப்பட்ட கட்டளை எளியது. கொட்டகையை விட்டு வெளியேறும் மனிதன், ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் ஓரடியையேனும் முணுமுணுத்துக்கொண்டு வீடு செல்லவேண்டும். இத்தகைய பாட்டை ஜெர்மானியர் ‘ஷ்லாகர்’ என்பர். அடித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது.

கட்டளை எளியதாயினும் தொழில் எளியதன்று. நீண்ட சொல் அங்கே செல்லாது. அரிய உவமை செல்லாது. பேச்சுவழக்கில் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை இதுவரை ஒருவரும் சொல்லாதது போல் ஒலிக்கச் செய்யவேண்டும். இவ்வித்தையில் வல்லார் அக்காலத்துப் பெர்லினிற் பலர் இருந்தனர். ‘நீல தேவதை’ என்னும் 1930-ம் ஆண்டுப் படத்திற்குச் சொல்லும் இசையும் தந்த பிரெடரிக் ஹாலந்தர் ஒருவர். அதே ஆண்டில் வெளிவந்து பெரும் புகழெய்திய ‘பெட்ரோல் நிலையத்து மூவர்’ என்னும் படத்திற்கு ராபர்ட் கில்பர்ட் பாட்டெழுதினார். வெர்னர் ரிச்சர்ட் ஹைமன் இசையமைத்தார்.

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பிரதம மந்திரியானார். மார்ச்சு மாத இறுதிக்குள் ஊஃபா என்னும் பெரும் படக் கம்பெனி தன்னிடம் வேலை செய்த யூதர்களை விலக்கத் தீர்மானித்தது. மேற்சொன்ன மூவரும் யூத மரபினர். மூவரும் நாட்டை விட்டு வெளியேறினர். நாற்காலிகள் காலியாயின. நாற்காலி காலியான இடத்தில் எஞ்சியிருந்தோர்க்கு வேலை பெருகிற்று. பால்ஸ் எஞ்சியிருந்தோருள் ஒருவர். இதை நாம் பழியாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஏறவேண்டிய ஒரு தொகை விடுபடலாகாது என்றே சொல்கின்றோம். பின்னர் அவர் அடைந்த துன்பத்தைப் பேசுவோர் இத்தொகையை எழுதாமல் விட்டுவிடுகின்றனர்.

பெயர் மறைந்த ஆண்டு

பால்ஸ் ஆடவரைக் காதலித்த ஆடவர். இதை அவர் இளமையில் மறைக்கவுமில்லை. 1924-ம் ஆண்டிலேயே, ஆணொருவன் ஆணொருவனை நோக்கிப் பாடும் நட்புப் பாட்டொன்றை எழுதி வெளியிட்டார். அக்காலத்துப் பெர்லினில் இத்தகையோர்க்கெனப் பத்திரிகைகளும் கூடுமிடங்களும் இருந்தன. ஆயின் சட்டம் அவர்கட்கு எதிராகவே நின்றது. ஜெர்மானியக் குற்றச் சட்டத்தின் 175-ம் பிரிவு 1871-ம் ஆண்டு முதல் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி வைத்திருந்தது. 1935-ம் ஆண்டில் நாஜிகள் அப்பிரிவை மேலும் கடுமையாக்கினர். அவர்கள் ஆட்சியில் 50,000-க்கு மேற்பட்டோர் அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் தடுப்பு முகாம்கட்கு அனுப்பப்பட்டு, அவருட் பலர் அங்கேயே மடிந்தனர்.

1936-ம் ஆண்டில் பால்ஸ் கைதாகிப் பல மாதங்கள் சிறையிலிருந்தார். வெளிவந்தபின் ஒரு பெண்ணை மணந்தார். தம்மைக் காத்துக்கொள்ளச் செய்த மணம் அது. அவர் பெயர் வெளியில் தோன்றலாகாது என்னும் நிபந்தனையின் பேரிலேயே அவர் விடுவிக்கப்பட்டார் என்றும், அதனாலேயே பல படங்களின் பெயர்ப் பட்டியில் அவர் பெயர் இல்லை என்றும் சொல்வர். குற்றவாளியின் பெயர் தீட்டு. குற்றவாளியின் பாட்டு தீட்டில்லை! தாழ்ந்தோன் தொட்ட நீர் ஆகாது, அவன் வெட்டிய கிணறு மட்டும் ஆகும் என்னும் நியாயத்தை நம்மவர் நன்கறிவர். பெர்லினிலும் அதே நியாயம் நடந்தது.

கேள்வி

இச்சிறைவாசத்தை அடுத்த ஆண்டுகளிலேயே அவருடைய சிறந்த பாட்டுக்கள் பிறந்தன என்பது நம் கருத்து. அப்பொழுது ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஸாரா லியாண்டர் ஊஃபா கம்பெனியின் முதல் நட்சத்திரமாகியிருந்தார். பெண் குரலில் மிகத் தாழ்ந்த குரல் அவருடையது. கண்ணை மூடிக் கேட்டால் பாடுவது ஆணோ பெண்ணோ என்று ஐயுறத் தோன்றும். அக்குரலை அறிந்து எழுதியவர் பால்ஸ். உயர்ந்த சுரத்திற் கூவுதற்கு ஏற்ற சொற்களை விடுத்து, தாழ்ந்த சுரத்தில் நீண்டு நிற்கத்தக்க நெடிய உயிரோசைச் சொற்களைத் தேர்ந்தார். 1937-ம் ஆண்டில் ‘லா ஹபனேரா’ என்னும் படத்திற்காக, காற்று தனக்கொரு பாட்டைச் சொல்லிற்று என்று ஒரு பெண் ஏங்கும் பாட்டை எழுதினார். இசை லோதார் புரூனெ. அப்படத்தை இயக்கிய டெட்லெஃப் ஸியர்க் அவ்வாண்டிலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் டக்ளஸ் ஸர்க் என்னும் பெயரோடு புகழெய்தினார்.

அடுத்த ஆண்டில் ‘நீலநரி’ என்னும் படம் வந்தது. மீனாராய்ச்சியே கதியெனக் கிடக்கும் பண்டிதரொருவரின் மனைவி, புறக்கணிக்கப்பட்ட இல்லத்தரசி, பாடும் பாட்டொன்று அதில் உண்டு. காதல் பாவமாகுமோ என்பதே அப்பாட்டின் தலைப்பும் கருத்துமாகும். படத்திலே அது சிரித்துக்கொண்டு பாடும் பாட்டு. ஊரார் ஒழுக்கத்தைப் பேசுவோரைக் கேலி செய்யும் பாட்டு. கொட்டகையில் இருந்தோர் ஒரு மனைவியின் குறும்பாக அதைக் கேட்டு மகிழ்ந்தனர். ஆனால் எழுதியவர் யார்? காதலித்த குற்றத்திற்காக இரண்டாண்டுகட்கு முன்னர்ச் சிறையிலிருந்து வந்தவர். அவ்வரியைத் தனியே எடுத்துச் சட்டப் புத்தகத்தின் 175-ம் பிரிவுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். நியாயஸ்தலத்திற் கேட்க இடமில்லாத கேள்வியை அவர் கொட்டகையிற் கேட்டுவிட்டார். அதுவும் சர்க்கார் கைக்குட் போய்விட்ட ஒரு கம்பெனியின் செலவிலேயே கேட்டுவிட்டார்.

இங்கே பாட்டாசிரியரின் திறமையைச் சிறிது நின்று நோக்கவேண்டும். அவர் வாதிக்கவில்லை, அழவில்லை, அரசாங்கத்தைத் திட்டவுமில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, விடையைக் கேட்போரிடம் விட்டுவிடுகின்றார். தணிக்கை அதிகாரி அதில் ஒரு குற்றமும் காணவில்லை. அதே சமயம் பிரசார மந்திரிக்கும் அதனால் ஒரு பயனும் விளையவில்லை. கேள்வியைக் கொண்டு படை நடத்த முடியாதன்றோ? இந்தக் குணத்தை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக.

வாக்குறுதி

1939-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்த ஒரு வேடிக்கைப் படத்திற்கு அவர் எழுதிய பாட்டு, எதுவும் ஒரு மாலுமியை அசைத்துவிடாது என்று மூன்று விகடர்கள் கூடிப் பாடுவது. இசை மைக்கேல் யாரி. செப்டம்பர் முதல் தேதியில் யுத்தம் தொடங்கிற்று. வேடிக்கைப் பாட்டு சில வாரங்களிற் போர்ப்பாட்டாயிற்று. மாலுமியின் வீறாப்பு கடற்படையின் வீறாப்பாயிற்று. சொல் ஒன்றும் மாறாமலே பொருள் மாறியது.

1941-ம் ஆண்டில் பால்ஸ் மீண்டும் கைதானார். இம்முறை பிடித்தவர் கெஸ்டபோ என்னும் இரகசியப் போலீசார். பெர்லினில் அவர்தம் தலைமையகத்தில் அவர் சித்திரவதை செய்யப்பட்டார். இவரின்றித் தாம் படத்தின் இசையை முடிக்க இயலாது என்று யாரி முறையிட்டு அவரை மீட்டார் என்றும், வெளிவந்த 24 மணி நேரத்திற்குள் இருவரும் இரண்டு பாட்டுக்களைச் செய்து முடித்தனர் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. நேரக் கணக்கு எவ்வாறாயினும் ஆகுக. அவ்விரு பாட்டுக்களும் ‘பெருங்காதல்’ என்னும் படத்தில் இடம்பெற்றன. ஒன்று, இதனால் உலகம் அழிந்துவிடாது என்பது. மற்றொன்று, என்றேனும் ஓர் அற்புதம் நிகழும் என்பதை நான் அறிவேன் என்பது.

ரோல்ஃப் ஹான்சன் இயக்கிய இப்படம் 1942-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி பெர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. விமானப்படை வீரன் ஒருவனைக் காதலிக்கும் பாடகியாக ஸாரா லியாண்டர் நடித்தார். கடமை அழைக்குந்தோறும் காதலன் பிரிவான், காதலி காத்திருக்கக் கற்பாள், கதை இவ்வளவே. ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர் இதைப் பார்த்தனர். நாஜி ஆட்சியில் இவ்வளவு கூட்டத்தை ஈர்த்த படம் வேறில்லை. முதற் பாட்டை அவர் ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸ் நகரிற் சிப்பாய்கள் முன் பாடுகின்றார். அவர்கள் கைகோத்து ஆடியசைகின்றனர். படம் வெளிவருவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னர்தான் பிரிட்டிஷ் விமானங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை ஒரே இரவிற் கொலோன் நகரைத் தாக்கியிருந்தன. எட்டு மாதம் கழித்து, 1943-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, ஸ்டாலின்கிராடிற் கடைசி ஜெர்மானியப் படையும் சரணடைந்தது. அழிந்துவிடாது என்ற உலகம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது. பாட்டோ மேலும் மேலும் ஒலித்தது.

ஒரே பாட்டை நால்வர் கேட்டனர் என்று கொள்வோம். போர்முனையிலுள்ள மகனுக்காக ஏங்கிய தாய் கேட்டாள்; அற்புதம் என்பது அவளுக்கு மகனின் வரவு. சிறைப்பட்டவன் கேட்டான், அவனுக்கு அது கதவு திறக்கும் நாள். சிப்பாய் கேட்டான், அவனுக்கு அது சமாதானம். கோயபல்ஸ் கேட்டான், அவனுக்கு அது வெற்றி. பின்னாளில் அற்புத ஆயுதம் வருகின்றதென்று அவன் பிரசாரம் செய்தபோது, அச்சொல் மக்கள் செவிக்குப் புதிதாக இருக்கவில்லை. படப்பாட்டு அதை முன்னமே பழக்கி வைத்திருந்தது.

நால்வர்க்கும் அது பொருந்தியது எதனால்? அதிற்றான் பால்ஸின் திறமையும் குறையும் ஒருங்கே கிடக்கின்றன என்போம். அப்பாட்டில் அற்புதம் நிகழும் என்றிருக்கின்றதே ஒழிய, நிகழ்த்துவோர் யாரென்று இல்லை. யாருக்காக, எதற்கெதிராக, எவ்விடத்தில் என்பது ஒன்றுமில்லை. ‘நிகழும்’ என்பது எழுவாயை மறைக்க வல்ல வினை. மழை பெய்வது போல் அதுவும் ஒருநாள் வரும். கேட்போர் செய்ய வேண்டியது காத்திருத்தல் மட்டுமே. அற்புதத்திற்குக் காத்திருக்கும் மக்கள் அதிகாரியைக் கேள்வி கேளார். 1938-ல் கேட்போரைச் சிந்திக்க வைத்த அதே எளிய நடை, 1942-ல் அவர்களைப் பொறுத்திருக்க வைத்தது.

வேறொரு பாட்டாசிரியர்

சிறைப்பட்டவன் நம்பிக்கையைப் பாடலாகாதா, அதையும் குற்றமென்பீரோ என்று கேட்டால், அன்று என்போம். அதற்குச் சான்றாக வேறொருவரைக் காட்டுவோம். வியன்னாவில் வாழ்ந்த பிரிட்ஸ் லோனர்-பேடா, லெஹாரின் இசைநாடகங்கட்குப் பாட்டெழுதிப் பெரும்புகழ் பெற்றவர். யூதர். 1938-ம் ஆண்டில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியவுடன் கைதாகி, டாஹௌ முகாமிலும் பின் புக்கன்வால்ட் முகாமிலும் அடைபட்டார். அவ்வாண்டின் இறுதியில், முகாமுக்கென ஒரு பாட்டு வேண்டுமென்று அதிகாரி கட்டளையிட்டான். லோனர்-பேடா சொல் எழுத, உடனிருந்த கைதி ஹெர்மன் லியோபோல்டி இசையமைத்தார். பெயர் அழைக்கும் மைதானத்திற் கைதிகள் அதைப் பாடவேண்டும் என்பது உத்தரவு.

அதுவும் கட்டளைக்கு எழுதிய பாட்டே. அதுவும் வரப்போகும் நல்ல நாளைச் சொல்லும் பாட்டே. ஆனால் அதில் அம்முகாமின் பெயர் இருக்கின்றது. அங்கு அடைபட்டோர் இருக்கின்றனர். வரப்போகும் நாள் விடுதலை நாளென்று தெளிவாக இருக்கின்றது. கட்டளையிட்டவனே பாடச் செய்தாலும் அப்பாட்டு அவனுக்குச் சொந்தமாகவில்லை. லோனர்-பேடா 1942-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆஷ்விட்ஸ் முகாமைச் சேர்ந்த மோனோவிட்ஸிற் கொல்லப்பட்டார். ‘பெருங்காதல்’ ஜெர்மனியின் கொட்டகைகளிற் கூட்டம் கூட்டமாக ஓடிய ஆண்டு அது.

கிராணித் தொழிலில் நாம் அறிந்த ஒன்றைச் சொல்லுவோம். விலாசம் எழுதாத கடிதம், முதலில் எடுத்துப் பிரிப்பவனுக்கு உரியதாகிவிடும். லோனர்-பேடாவின் கடிதத்தில் விலாசம் இருந்தது. பால்ஸ் 1942-ல் எழுதிய கடிதத்தில் இல்லை. பலம் மிக்கவன் அதை எடுத்துப் பிரித்துக்கொண்டான்.

போருக்குப் பின்

1945-ல் யுத்தம் முடிந்தது. நேச நாட்டார் அப்படத்தைத் தடை செய்தனர். பாட்டுக்களையோ ஒருவரும் தடுக்க இயலவில்லை. இடிந்த வீடுகளிடையே மக்கள் அவற்றைப் பாடினர். அற்புதம் என்னும் சொல்லுக்கு ஐந்தாவதாக ஒரு பொருளும் கிடைத்தது. பால்ஸ் யாரியோடு சேர்ந்து தொடர்ந்து எழுதினார். ஒருநாளும் பிரியோம் என்று காதலர் பாடுவதாக அவரும் யாரியும் செய்த பாட்டை 1960-ம் ஆண்டில் ஹைடி புரூல் பாடி நாடெங்கும் பரப்பினார். யாரியும் பால்ஸும் 1988-ம் ஆண்டில் சில மாத இடைவெளியிற் காலமாயினர்.

தமக்கு நேர்ந்ததைப் பால்ஸ் ஏன் உரத்துப் பேசவில்லை என்பார்க்குச் சட்டப் புத்தகமே விடை கூறும். நாஜிகள் கடுமையாக்கிய 175-ம் பிரிவை மேற்கு ஜெர்மனி அப்படியே வைத்துக்கொண்டது. 1969-ல் தான் அது தளர்த்தப்பட்டது. 1994-ல் தான் முற்றும் நீக்கப்பட்டது. நாஜி காலத்துத் தீர்ப்புக்கள் 2002-ம் ஆண்டிலும், போருக்குப் பின் வழங்கிய தீர்ப்புக்கள் 2017-ம் ஆண்டிலும் இரத்தாயின. ஆட்சி மாறியும் அவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் மாறவில்லை. நாடு முழுதும் அவர் பாட்டைப் பாடிற்று. அந்நாட்டின் சட்டம் அவரைக் குற்றவாளி என்றது. காதல் பாவமாகுமோ என்னும் கேள்விக்கு அவர் நாடு நேரான விடையளிக்கு முன்னரே அவர் மறைந்தார்.

நம் முடிவு

பால்ஸின் துன்பத்தைக் காட்டி அவர் பாட்டுக்களையெல்லாம் இரகசியப் புரட்சிப் பாட்டுக்களாக ஆக்குவார் உளர். பாட்டுக்களின் பயனைக் காட்டி அவரை நாஜிகளின் கையாளென்று தள்ளுவாரும் உளர். இரண்டும் சோம்பல் மிக்க தீர்ப்புக்கள். சித்திரவதைக் கூடத்திலிருந்து வந்தவனிடம், நீ ஏன் எழுதினாய் என்று கேட்கும் தகுதி நம்மில் யார்க்கும் இல்லை. ஆகவே மனிதரைத் தீர்ப்பிடும் வேலையை நாம் ஏற்கவில்லை. பாட்டை மட்டும் நிறுக்கின்றோம். நிறுத்தால், உலகம் புகழ்ந்த 1942-ம் ஆண்டு வாக்குறுதிகளைவிட, குறும்புப் பாட்டாகக் கருதப்பட்ட 1938-ம் ஆண்டுக் கேள்வியே கனமுள்ளது. அதில் எழுதியவர் இருக்கின்றார். மற்றவற்றில் அவர் தம்மை மிகத் திறமையாக அழித்துக்கொண்டார். அழித்த இடத்தில் அரசாங்கம் வந்தமர்ந்தது.

கட்டளைக்கு எழுதுவதே இழிவென்று நாம் சொல்லோம். கட்டளையின்றி எழுதும் வாய்ப்பு உழைத்து உண்போர்க்கு எங்கே இருக்கின்றது? ஆயினும் கட்டளைக்குள்ளும் ஒரு கேள்விக்கு இடமுண்டு, ஒரு விலாசத்திற்கு இடமுண்டு என்பதை மேற்காட்டிய இரு பாட்டுக்களும் மெய்ப்பிக்கின்றன. இனி அன்பர்கள் ஒரு பாட்டு மனத்தை மயக்கும்போது, நல்ல காலம் வரும் என்று அது ஆறுதல் சொல்லும்போது, மூன்று கேள்விகள் கேட்பார்களாக. அக்காலம் யாருக்கு வரும்? யார் கொண்டுவருவார்? அதுவரையில் நம்மைச் சும்மா இருக்கச் சொல்வதனால் யாருக்கு இலாபம்? இவற்றிற்கு விடை தராத பாட்டைப் பாடலாகாதென்பதில்லை. பாடலாம். ஆனால் அதை நம்பிப் படுத்துறங்கலாகாது.